உருளைப்புழுவில் சாகும் செல்கள்: பரிணாமம் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். இருபால் புழு முட்டையிலிருந்து முழுதாக வளர்வதற்குள், இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்து 1090 உடல் செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செல்கள் பிறந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகின்றன. மிஞ்சுவது 959. எந்தப் புழுவை எடுத்துப் பார்த்தாலும் சாவது அதே 131 செல்கள்தான். இடமும் அதேதான், நேரமும் ஏறக்குறைய அதேதான்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் இந்தப் பழக்கம் பரிணாமத்தில் எப்படி மாறியது என்று கேட்டால் ஒரு புழு போதாது. பக்கத்தில் இன்னொரு புழுவை வைத்துப் பார்க்க வேண்டும். விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் படிப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீட்டில் ஒரு மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்கள் ஆகியோர் எங்கே தொடங்கலாம், எதைப் பார்க்கலாம், எங்கே ஏமாறக்கூடும் என்பதற்கான வழிகாட்டி இது.

முதல் படி: இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

எந்தச் செல் சாகிறது என்பது ஒரு கேள்வி. எப்படிச் சாகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது தலை சுற்றும். உருளைப்புழுக்களுக்குள் ஒப்பிட்டால் முதல் கேள்விக்கான விடை இனத்துக்கு இனம் மாறுகிறது, அதுவும் ஒரே ஒரு செல் அளவில் மாறுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை புழுக்களுக்குள் பெரிதாக மாறவில்லை. புழுவை விட்டு வெளியே போய்ப் பார்த்தால்தான் அது மாறுகிறது. இனி எதைப் படித்தாலும் இது எந்தக் கேள்விக்கான பதில் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வம்சாவளியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

1960களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இந்தப் புழுவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டது. உயிரோடு இருக்கும்போதே உள்ளே ஒவ்வொரு செல்லும் தெரியும். ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் ஹோர்விட்ஸும் குஞ்சு வெளிவந்த பிறகு நடக்கும் செல் பிரிவுகளை 1977இல் வெளியிட்டார்கள். முட்டைக்குள் நடப்பதை சல்ஸ்டனும் மூன்று சகாக்களும் 1983இல் வெளியிட்டார்கள். 131 சாவுகளில் 113 முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. குஞ்சு வந்த பிறகு நடப்பவை 18. செத்தவற்றில் பெரும்பாலானவை நரம்பு மண்டலத்தின் கிளைகளில் பிறந்தவை. பிரென்னர், சல்ஸ்டன், ஹோர்விட்ஸ் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

வோர்ம்அட்லாஸ் இணையதளத்தில் இந்த வம்சாவளி வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்து பாருங்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தலைப்பக்கம் இருக்கும் மகளுக்குத் தாயின் பெயரோடு ஒரு எழுத்தும், வால்பக்கம் இருப்பவளுக்கு வேறு எழுத்தும் சேரும். அதனால் பெயரைப் பார்த்தாலே பரம்பரை தெரியும். கிளையின் நுனியில் பெருக்கல் குறி இருந்தால் அந்தச் செல் சாகிறது என்று பொருள். ஒரு மாலை நேரம் ஒதுக்கி, பெருக்கல் குறி உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் அதன் உடன்பிறந்த செல் என்ன ஆனது என்று பாருங்கள். பல இடங்களில் ஒருத்தி நரம்புச் செல்லாகிறாள், இன்னொருத்தி சாகிறாள். இது பின்னால் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: நான்கு மரபணுக்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

எகல்-1, செட்-9, செட்-4, செட்-3. வரிசையும் இதேதான். வாழ வேண்டிய செல்லில் செட்-9 புரதம் செட்-4 புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சாக வேண்டிய செல்லில் எகல்-1 உருவாகி செட்-9இல் போய் ஒட்டுகிறது, செட்-4 விடுபடுகிறது. விடுபட்ட செட்-4 மூலக்கூறுகள் எட்டு ஒன்றுசேர்ந்து செட்-3ஐத் தூண்டுகின்றன. செட்-3 ஒரு கேஸ்பேஸ், அதாவது மற்றப் புரதங்களைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதி. அது வேலையைத் தொடங்கினால் செல் அவ்வளவுதான்.

இந்த வரிசையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி. செட்-9 முழுதாகப் பழுதானால் வாழ வேண்டிய செல்களும் செத்து, வம்சமே தழைக்காது. செட்-9ஓடு செட்-3யும் பழுதானால் புழு பிழைக்கிறது. அப்படியென்றால் இரண்டில் எது பின்னால் வேலை செய்கிறது? செட்-3தான்.

ஹிலாரி எல்லிஸும் ஹோர்விட்ஸும் செட்-3, செட்-4 பற்றி எழுதியது 1986இல். அப்புறம் வந்த கண்டுபிடிப்புகள்தான் இந்தச் சின்னப் புழுவை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோயின. 1992இல் செல் சாவைத் தடுக்கும் மனிதரின் பிசிஎல்-2 மரபணுவைப் புழுவுக்குள் செலுத்தினார்கள், செல் சாவு குறைந்தது. 1993இல் செட்-3, பாலூட்டியின் ஒரு நொதியோடு ஒத்துப்போவது தெரிந்தது. 1994இல் செட்-9 என்பது பிசிஎல்-2இன் உறவு என்று தெரிந்தது. 1997இல் செட்-4இன் மனித உறவான ஆபாஃப்-1 கிடைத்தது. எகல்-1 எந்தப் புரதம் என்பது 1998இல்தான் வெளிவந்தது.

செட்-3 பழுதான புழு ஆய்வகத் தட்டில் பார்க்கக் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும். ஊரும், தின்னும், முட்டையிடும். 131 செல்கள் சாகாமல் இருந்தும் பெரிய ஆபத்தில்லை. பரிணாமம் படிப்பவர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் சாகாத செல்கள் என்ன செய்கின்றன? 1987இல் லியோன் ஏவரியும் ஹோர்விட்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். புழுவின் தொண்டையில் எம்4 என்று ஒரு நரம்புச் செல் உண்டு. அது இல்லாவிட்டால் புழு ஒழுங்காக விழுங்காது. அதன் உடன்பிறந்த செல் வழக்கமாகச் சாகும். செட்-3 பழுதான புழுவில் எம்4ஐ லேசரால் அழித்தபோது, சில புழுக்களில் சாகாமல் தப்பித்த அந்தச் செல் எம்4இன் வேலையை எடுத்துச் செய்தது. ஆக, சாகும் செல் ஒன்றுக்கும் உதவாத கழிவு என்று எண்ண வேண்டாம். சாவை நிறுத்தினால் பரிணாமத்துக்கு ஒரு உபரி நரம்புச் செல் கையில் கிடைக்கிறது.

நான்காம் படி: ஒரு செல் சாவதைக் கண்ணால் பாருங்கள்

புழுவுக்கு: மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள சி. எலிகன்ஸ் சேமிப்பு மையம் உலகம் முழுக்க அனுப்புகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பொருளை வரவழைக்க அனுமதி, படிவம் என்று அலைய வேண்டியிருக்கும். இந்தப் புழுவை வைத்து வேலை செய்யும் ஆய்வகங்கள் இந்தியாவிலேயே பல இருக்கின்றன. பேராசிரியர் வழியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதே சுலபம். மூன்று வகை கேளுங்கள்: சாதாரணப் புழு, செட்-1 என்ற இன்னொரு மரபணு பழுதானது (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்), செட்-3 பழுதானது. ஈ. கோலை பாக்டீரியா பூசிய அகர் தட்டில் 20 டிகிரியில் வைத்தால் மூன்று, நான்கு நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும்.

கருவிக்கு: சாதாரண மைக்ரோஸ்கோப்பில் செத்த செல் தெரியாது. டிஐசி எனப்படும் நோமார்ஸ்கி ஒளியமைப்பும், நூறு மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவும் வேண்டும். இதில் சமரசம் வேண்டாம், வீண் முயற்சியாகிவிடும்.

முட்டை நிறைந்த புழுவைத் தண்ணீர்த் துளியில் போட்டு நடுவில் பிளேடு நுனியால் வெட்டுங்கள், முட்டைகள் வெளியே வரும். இரண்டு செல், நான்கு செல் நிலையில் உள்ளவற்றைப் பிரித்து ஈரமான மூடிய தட்டில் சுமார் 6 மணி நேரம் வையுங்கள். பிறகு ஸ்லைடில் மெல்லிய அகரோஸ் திட்டு போட்டு, அதன்மேல் முட்டையை வைத்து, கவர்ஸ்லிப்பால் மூடி, ஓரத்தில் வாசலின் தடவுங்கள். அந்த நேரத்தில் கரு காற்புள்ளி வடிவத்தில் வளைந்திருக்கும். முட்டைக்குள் நடக்கும் சாவுகளில் பெரும்பங்கு இந்தக் கட்டத்தை ஒட்டித்தான் நடக்கிறது.

ஃபோகஸ் திருகை மெல்ல மேலும் கீழும் திருப்புங்கள். உயிருள்ள செல்லின் உட்கரு மழமழவென்று, நடுவில் ஒரு புள்ளியோடு தெரியும். செத்த செல் சட்டைப் பட்டன் மாதிரி வட்டமாக, விளிம்பு கூர்மையாக, மேலே தூக்கி நிற்பதுபோல் பளபளக்கும். அதைக் கண்டதும் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்துச் செல் அதை விழுங்கிவிடும், இடமே தெரியாது.

சாதாரணக் கருவில் ஒரே நேரத்தில் சில பட்டன்கள்தான் கிடைக்கும் என்பதால் புதியவர்களுக்கு அது சிரமம். அதற்காகத்தான் செட்-1 கேட்கச் சொன்னேன். செட்-1, பிணத்தை அடையாளம் கண்டு விழுங்க உதவும் ஏற்பி. அது பழுதானால் செத்த செல்கள் அப்படியே கிடக்கும். முட்டையை விட்டு அப்போதுதான் வெளியே வந்த செட்-1 குஞ்சின் தலையைப் பாருங்கள், பட்டன்கள் குவிந்திருக்கும். உடனே அதே வயது செட்-3 குஞ்சின் தலையைப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. குடலில் பளபளக்கும் துகள்களைப் பிணம் என்று எண்ணிவிடாமல் இருக்க இந்த ஒப்பீடு கட்டாயம் தேவை.

முதிர்ந்த புழுவின் சூலகக் குழாய் வளையும் இடத்திலும் சாவு நடக்கிறது. அங்கே இனப்பெருக்கச் செல்களில் பாதியளவு செத்துப்போகின்றன என்பது 1999இல் வந்த கணிப்பு. அந்தச் சாவுக்கு செட்-3, செட்-4 வேண்டும், ஆனால் எகல்-1 வேண்டாம். ஒரே புழுவின் உடம்புக்குள்ளேயே சாவைத் தொடங்கிவைக்கும் பொத்தான் வேறு, முடித்துவைக்கும் கருவி ஒன்று.

ஐந்தாம் படி: மீன் தொட்டிக்காரரிடம் இரண்டாவது புழு வாங்குங்கள்

டிஐசி கிடைக்காதவர்களுக்கும் இந்தப் படி சாத்தியம். வண்ணமீன் வளர்ப்பவர்கள் மீன்குஞ்சுக்குத் தீனியாகப் போடும் மைக்ரோவார்ம் ஒரு உருளைப்புழு, பெயர் பேனக்ரெல்லஸ் ரெடிவிவஸ். ஓட்ஸ் கஞ்சியில் ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் பெருகும். சில நாளில் டப்பாவின் பக்கச் சுவரில் புழுக்கள் ஏறி வழவழவென்று படலமாக நிற்கும், லேசாகப் புளித்த வாடை அடிக்கும். விரலால் வழித்து ஒரு துளி நீரில் விடுங்கள். துள்ளிக்கொண்டே இருந்தால் ஸ்லைடை லேசாகச் சூடுகாட்டினால் அடங்கும்.

பெண் புழுவைத் தேடுங்கள். வயிற்றுக்குள் கருக்கள் வரிசையாக இருக்கும், சிலவற்றில் குஞ்சு புரள்வதே தெரியும். இது குட்டி போடும் புழு. இப்போது பிறப்புத் துவாரம் எங்கே என்று பாருங்கள். உடலின் நடுவைத் தாண்டி வால்பக்கமாக இருக்கும். சி. எலிகன்ஸில் அது சரியாக நடுவில் இருக்கும், அங்கிருந்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு சூலகக் குழாய்கள் போகும். பேனக்ரெல்லஸில் முன்பக்கம் போகும் குழாய் ஒன்றே ஒன்று. கவனம், அந்தக் குழாயின் நுனி மடிந்து வால்பக்கமாகத் திரும்பிவரும். அதை இரண்டாவது குழாய் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏன் ஒன்றுதான்? பால் ஸ்டெர்ன்பெர்க்கும் ஹோர்விட்ஸும் 1981இல் இதன் இனப்பெருக்க உறுப்பின் செல் வம்சாவளியை வெளியிட்டார்கள். குழாய் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நுனிச்செல் இருக்கும். குழாயை வளர வழிநடத்துவதும், இனப்பெருக்கச் செல்களைப் பிரிந்துகொண்டே இருக்கச் செய்வதும் அதுதான். சி. எலிகன்ஸில் அந்த ஒரு செல்லை லேசரால் கொன்றால் அந்தப் பக்கத்துக் குழாய் வளர்வது நின்றுவிடும். பேனக்ரெல்லஸில் பின்பக்கத்து நுனிச்செல் பிறக்கிறது, பிறகு தானாகவே சாகிறது. லேசர் செய்யும் வேலையை அந்த இனத்தின் வளர்ச்சித் திட்டமே செய்துவிடுகிறது. ஒற்றைச் செல்லின் தலைவிதி மாறியதற்கும் உடலமைப்பே மாறியதற்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு காட்டும் உதாரணங்கள் அதிகம் இல்லை. அதன் விளைவை ஒரு கல்லூரி மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம்.

ஆறாம் படி: பிரிஸ்டியாங்கஸை வைத்துக் காரணம் தேடுங்கள்

பேனக்ரெல்லஸ் வேறுபாட்டைக் காட்டுகிறது. எந்த மரபணு காரணம் என்று கேட்க வேண்டுமானால் பிரிஸ்டியாங்கஸ் பசிஃபிகஸ் வேண்டும். வண்டுகளோடு ஒட்டி வாழும் புழு இது. ரால்ஃப் சோமரின் குழு ஜெர்மனியின் டியூபிங்கனில் இதை வளர்த்து, சி. எலிகன்ஸுக்கு இணையான மரபியல் கருவிகளை உருவாக்கியது.

பார்க்க வேண்டிய இடம் அடிவயிறு. இரண்டு இனத்திலும் குஞ்சின் அடிப்பக்கத்தில் தலையிலிருந்து வால்வரை 12 தோல் செல்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. எளிமைக்காக ஒன்று முதல் பன்னிரண்டு என்றே சொல்கிறேன். இரண்டு இனத்திலும் பிறப்புத் துவாரத்தை உருவாக்குவது 5, 6, 7. அதுவரை ஒற்றுமை. சி. எலிகன்ஸில் 1, 2, 9, 10, 11 ஆகியவை சுற்றியுள்ள பெரிய தோல் செல்லோடு கலந்துவிடுகின்றன. 3, 4, 8 மூன்றும் தேவைப்பட்டால் துவாரத்தில் சேரத் தயாராகக் காத்திருந்து, பிறகு தோலாகின்றன. பிரிஸ்டியாங்கஸில் 1 முதல் 4 வரையும், 9 முதல் 11 வரையும் செத்துப்போகின்றன. அதே இடத்துச் செல்கள்தான், ஆனால் ஒரு இனத்தில் கலக்கின்றன, இன்னொன்றில் சாகின்றன.

லின்-39 என்ற ஹாக்ஸ் மரபணு (உடலின் எந்தப் பகுதி எது என்று தீர்மானிக்கும் வகை மரபணு) நடுவில் உள்ள செல்களைக் காப்பாற்றுகிறது. அது பழுதானால் சி. எலிகன்ஸில் நடுச்செல்களும் தோலோடு கலந்துவிடும். பிரிஸ்டியாங்கஸில் நடுச்செல்களும் சாகும். 1997இல் வந்த இந்த முடிவு சொல்வது இதுதான்: காவல் காக்கும் மரபணு ஒன்றே, அது எதிலிருந்து காக்கிறது என்பது மட்டும் இனத்துக்கு இனம் வேறு.

1998இல் இன்னும் ஒரு படி போனார்கள். பிரிஸ்டியாங்கஸில் லின்-39, செட்-3 இரண்டையும் சேர்த்துப் பழுதாக்கினார்கள். செட்-3 இல்லாததால் செல்கள் சாகவில்லை. லின்-39 இல்லாமலேயே அவை துவாரத்தையும் உருவாக்கின. ஆக இந்த இனத்தில் லின்-39இன் வேலை செல்லைச் சாகாமல் காப்பதோடு முடிகிறது. சி. எலிகன்ஸில் துவாரம் உருவாகும்போதும் லின்-39 மறுபடி தேவைப்படுகிறது. பார்வைக்கு ஒரே மாதிரித் துவாரம், உள்ளே கட்டுப்பாடு வேறு. என் அபிப்பிராயத்தில், இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளில் 12 வட்டம் போட்டு, ஒவ்வொரு பழுதுக்கும் எது வாழ்கிறது, எது சாகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். இல்லையென்றால் மூன்றாவது பத்தியில் தொலைந்துவிடுவீர்கள்.

ஏழாம் படி: கணினியில் தேடுங்கள், ஆனால் எச்சரிக்கையோடு

வோர்ம்பேஸ் என்ற புழு மரபணுத் தரவுத்தளத்தில் நான்கு புரதங்களின் வரிசையை எடுத்து, பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் தேடல் கருவி மூலம் மற்ற உருளைப்புழுக்களின் ஜீனோமில் தேடிப் பார்க்கலாம். செட்-3இல் தொடங்குங்கள், அது எளிதில் கிடைக்கும். செட்-4ஐத் தேடினால் தாவரங்களின் நோய் எதிர்ப்புப் புரதங்களும் வரிசையில் வந்து நிற்கும். இரண்டிலும் ஒரே வகை நியூக்ளியோடைடு பிடிக்கும் பகுதி இருப்பதால் வரும் ஒற்றுமை அது. தாவரத்திலும் அதே சாவுப் பாதை இருக்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

எகல்-1 இன்னும் மோசம். மொத்தமே 91 அமினோ அமிலம், அதிலும் பிஹெச்3 என்ற குட்டித் துண்டுதான் மற்ற இனங்களோடு ஒத்துப்போகும். தொலைவான இனத்தில் பிளாஸ்ட் ஒன்றும் காட்டவில்லை என்றால் அந்த இனத்தில் எகல்-1 இல்லை என்று பொருளல்ல. சி. எலிகன்ஸில் எகல்-1க்குப் பக்கத்தில் என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன, அவை அந்த இனத்தில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், பிஹெச்3 துண்டை மட்டும் வைத்துத் தேடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: புழுவை மூதாதையாக நினைக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. புழுவில் நான்கே மரபணு, மனிதரில் ஏகப்பட்டது, எனவே புழுவின் பாதைதான் ஆதி வடிவம் என்று தோன்றும். படம் வேறு. மனிதச் செல்லில் பேக்ஸ், பேக் போன்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைத் துளைக்கின்றன, உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வருகிறது, அது ஆபாஃப்-1இல் ஒட்டியதும் சாவு தொடங்குகிறது. புழுவில் பேக்ஸும் இல்லை, பேக்கும் இல்லை. செட்-4இல் சைட்டோகுரோம் சி ஒட்டும் பகுதியே கிடையாது. அதற்குப் பதில் செட்-9 நேரடியாக செட்-4ஐப் பிடித்துக்கொள்கிறது. மனிதரின் பிசிஎல்-2 ஆபாஃப்-1ஐ அப்படிப் பிடிப்பதில்லை.

சரி, இதில் எது பழையது? ஹைட்ரா, கடல் அனிமோன் போன்றவற்றின் கிளை நாமும் புழுவும் பிரிவதற்கு முன்பே பிரிந்தது. அவற்றின் ஜீனோமைப் பார்த்தபோது பிசிஎல்-2 குடும்பத்திலேயே பல உறுப்பினர்கள் இருந்தார்கள், பேக்ஸ், பேக் வகை உட்பட. ஆகவே பெரிய குடும்பம்தான் பழையது. புழுவின் பரம்பரை வழியில் பலவற்றை இழந்து, மிஞ்சியதை வைத்துக் குறுக்கு வழியில் வேலையை முடித்துக்கொள்கிறது. உங்கள் செமினாரில் 'புழுவின் எளிமையான ஆதிப் பாதை' என்று ஒரு ஸ்லைடு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

யானைக்கால் நோய் உண்டாக்கும் வகைப் புழுக்களிலும் இந்தச் சாவுக்கு ஒரு பங்கு உண்டு. புருகியா மலாயி என்ற ஃபைலேரியா புழுவுக்குள் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்து அதை அழித்தால் புழுவின் இனப்பெருக்கச் செல்களும் கருக்களும் பெருமளவில் அப்போப்டோசிஸில், அதாவது இதே திட்டமிட்ட செல் சாவில், சாகின்றன என்று 2011இல் காட்டினார்கள். நம் ஊரில் படித்துவிட்டு ஒட்டுண்ணி ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது நல்ல நுழைவாயில்.

கடைசியாக, செட்-3 இல்லாமலும் செல் சாகும். சி. எலிகன்ஸ் ஆண் புழுவில் லிங்கர் செல் என்று ஒன்று இருக்கிறது. வளரும் விந்துக் குழாயை வால்வரை இழுத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் அது சாகிறது. ஷாய் ஷாஹாமின் குழு 2007இல் காட்டியபடி, செட்-3 பழுதான புழுவிலும் அது சாகிறது. நோமார்ஸ்கியில் பட்டன் வடிவம் வராது, உட்கரு சுருக்கம் விழுந்து மடிந்துபோகும். எனவே புதிய இனம் ஒன்றில் பட்டன்களை மட்டும் எண்ணிச் சாவுக் கணக்கு எழுதினால் இந்த வகைச் சாவுகள் விட்டுப்போகும். வம்சாவளியில் ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்து, கடைசியில் அது இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் வழி. நேரம் பிடிக்கும் வேலைதான், சல்ஸ்டனும் அப்படித்தான் எண்ணினார்.